கிருஷ்ண பிள்ளை சமயம் மாறிய வரலாறு

ஒருவர் தாம் பிறந்த சமயத்தை நீத்துப் பிறிதொரு சமயம் புகுதல் அவரளவில் அடங்கும் செய்தியன்று. அவர் கல்வியும் ஒழுக்கமும் உடையராயின், அவர் நீத்த சமயத்தார் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டிய வினாக்கள் பல எழும். அவர் தேடியது யாது? அது தம் நூல்களில் இல்லையோ? இருந்தும் அவருக்கு எட்டாது நின்றதோ? எட்டாதாயின் அதற்கு ஏது யார்? இவ்வினாக்களை எழுப்பாது, நீத்தவரை இகழ்ந்து அமைதல் எளிது, பயனோ இல்லை. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வரலாறு இம்முறையில் ஆராய்தற்குரியது. அவர் பொருநையாற்று நாட்டிற் பிறந்தவர்; தமிழ் நூல்களை முறையாகக் கற்றவர்; முப்பதாம் அகவையில் கிறிஸ்து சமயம் புக்கவர்.

பொருநை நாடு சமயக் கல்விக்குப் பெயர்பெற்றது. நெல்லையப்பர் திருக்கோயில் விளங்குவது இந்நாட்டில். நம்மாழ்வார் அவதரித்த குருகூரும் ஆற்றின் கரையிலுள்ள நவதிருப்பதிகளும் இந்நாட்டில். திருவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகள் காசிவரை சென்று மடம் நிறுவினார். பாபநாசத்துக்கு அணித்தான விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான சுவாமிகள் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, சிவஞானபோதத்துக்குத் திராவிட மாபாடியம் என்னும் பேருரை இயற்றினார். இத்தகைய நாட்டில் கிறிஸ்து சமயம் எவ்வாறு வேரூன்றியது என்பதை முதற்கண் காண்டல் வேண்டும்.

கடற்கரைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே உரோமைத் திருச்சபையிற் சேர்ந்தனர். உள்நாட்டிலும் அச்சபையின் நிலையங்கள் தோன்றின. நாஞ்சில் நாட்டு நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1745ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1752இற் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது.

சீர்திருத்தச் சபையின் தொடக்கம் பாளையங்கோட்டையில் நிகழ்ந்தது. தஞ்சையினின்று வந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் 1778ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா எனப் பெயர் பூண்டார். அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அவர் வெட்டுவித்த கிணற்றை ஊரார் பாப்பாத்தியம்மாள் கிணறு என வழங்கினர். சிவஞான சுவாமிகள் திருவாவடுதுறையிற் சிவபதம் எய்தியதும் அதே 1785ஆம் ஆண்டில் ஆகும். பொருநை நாடு ஈன்ற பேராசிரியர் தம் மாபாடியத்தை ஏட்டில் விட்டு மறைந்த ஆண்டும், அந்நாட்டில் ஒரு கைம்பெண்ணின் முயற்சியாற் புதிய கோயில் ஒன்று எழுந்த ஆண்டும் ஒன்றாயிருத்தல் தற்செயலே. ஆயினும், பின் நிகழ்ந்தவற்றை நோக்குவார்க்கு இவ்வொப்புமை சிந்தனைக்குரியது.

அதன்பின் இயக்கம் விரைந்தது. தேரிக்காட்டில் சமயம் மாறியோர்க்கென முதலூர் என்னும் ஊர் 1799இல் அமைந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பாதிரியார் ஊர்தோறும் பள்ளிகளை நிறுவினார். 1841இல் கால்டுவெல் இடையன்குடியில் அமர்ந்தார். ஏறத்தாழ அக்காலத்திலேயே போப்பையர் சாயர்புரத்தில் உயர்கல்விப் பள்ளியொன்றை நிறுவினார். கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை திசைமாறியது அச்சாயர்புரத்தில்.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டில் திருநெல்வேலிக்கு அணித்தான கரையிருப்பில் வேளாளர் குலத்திற் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் பெயர் அரியும் அரனும் ஒன்றாகிய மூர்த்தத்தின் பெயராயினும், குடும்பம் வைணவ நெறியில் நின்றது. இராமகாதையைக் கேட்டும் ஓதியும் வளர்ந்த இல்லம் அது. இளமையிலேயே கம்பர் செய்யுள் அவர் நாவிற் பயின்றது. இலக்கண இலக்கியங்களைத் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் முதலியோரிடம் கற்றார். எனவே, தம் சமயத்தை அறியாமையால் அவர் பிறசமயம் புக்கார் என்னும் கூற்று அவருக்குச் சிறிதும் பொருந்தாது.

1853ஆம் ஆண்டில் சாயர்புரக் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் வேண்டப்பட்டது. கால்டுவெல் அவரைத் தேர்ந்து அமர்த்தினார். அந்நாளில் அவர் கிறிஸ்து சமயத்தின்பால் விருப்புடையரல்லர், வெறுப்பே உடையராயிருந்தார். மாணவர்க்கு இலக்கணமும் செய்யுளும் கற்பித்து ஊதியம் பெறுதல் ஒன்றே அவர் கருத்து. எனினும் நாள்தோறும் அச்சமயத்தாரொடு பழகியதாலும், அவர்தம் நூல்களைக் கண்டதாலும், மனத்தில் ஐயங்கள் முளைத்தன. நண்பர் தனுஷ்கோடி ராஜுவும் உடன்பிறந்தாராகிய முத்தையா பிள்ளையும் அச்சமயத்தின்பாற் சார்ந்தமை அவ்வையங்களை வளர்த்தது. ஈற்றில் 1858ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரிலுள்ள தோமையார் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயரை ஏற்றார். அவர் பெயர்முன் நிற்கும் எழுத்துகள் இரண்டும் அப்பெயரைக் குறிப்பன.

பொருளாசையும் பதவியாசையுமே இவ்வகை மாற்றங்களுக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவார் உளர். கிருஷ்ண பிள்ளை பொருட்டு அவ்வாறு கூறுதற்கு இடமில்லை. ஞானஸ்நானம் பெறாமலே அவர் பாதிரிமார் பள்ளியில் ஐந்தாண்டு ஆசிரியராயிருந்தார். பதவி வேண்டிச் சமயம் மாறவேண்டிய நிலையில் அவர் இல்லை. வேளாளர் ஒருவர் அக்காலத்தில் கிறிஸ்தவராதல் என்பது சுற்றத்தாரொடு உண்ணலும் கொள்வினை கொடுப்பினையும் அறுந்துபோதல் என்று பொருள்படும். ஆகலின் அவர் பெற்றதினும் இழந்தது மிகுதி. ஒருவர் இழப்பை ஏற்றுச் செய்த செயலுக்கு ஆசையைக் காரணமாகக் காட்டுதல் நேர்மையன்று. நம் பக்கத்து வாதத்துக்கு வலிமை தருவதும் அன்று.

மெய்க்காரணம் யாதெனின், பாவமும் அதன் தீர்வும் பற்றிய கவலையே. தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவரே உரைநடையில் எழுதியுள்ளார். பின்னாளில் அவர் பாடிய நூல்கள் யாவும் அக்கவலையையே அடியாகக் கொண்டவை. இரட்சணிய யாத்திரிகம், இரட்சணிய மனோகரம், இரட்சணிய குறள், இரட்சணிய சமய நிர்ணயம் எனத் தம் நூல்கள் பலவற்றுக்கும் இரட்சணியம் என்னும் சொல்லையே முன்வைத்துப் பெயரிட்டார். ஒரு புலவர் ஒரு சொல்லை வாழ்நாள் முழுதும் விடாது பற்றுவாராயின், அச்சொல்லில் அவர் உயிர் ஊன்றியிருத்தல் வேண்டும்.

கல்வியறிவு ஒன்றே இம்மாற்றத்தைத் தீர்மானிப்பதன்று என்பதற்கு அக்காலத்து வரலாறே சான்று பகரும். பெர்சிவல் பாதிரியாரொடு தொடர்புடைய தமிழறிஞர் மூவரை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும்.

முதல்வர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இற் பிறந்த அவர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவலின் பள்ளியிற் பயின்றார், அங்கேயே ஆசிரியராயினார், விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் அவருக்குத் துணைநின்றார். அந்நூலை எழுத்தெண்ணிக் கற்றும் சிவநெறியினின்று அணுவும் பிறழ்ந்தாரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார்.

இரண்டாமவர் கிருஷ்ண பிள்ளை. அவர் சென்னை சேர்ந்து, பெர்சிவல் 1855இற் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் இதழிற் பணிபுரிந்தார். அவரே சமயம் மாறினார்.

மூன்றாமவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர்; பெர்சிவலின் அழைப்பால் அதே தினவர்த்தமானிக்கு ஆசிரியராயினவர்; சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவரோ சைவத்துக்கு மீண்டு சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதினார். கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டினின்று அச்சேற்றினார்.

ஒரே பாதிரியார், ஏறத்தாழ ஒரே காலம், மூவரும் தமிழிற் சிறந்தவர், மூவரும் விவிலியத்தை நன்கறிந்தவர். ஒருவர் நின்றார், ஒருவர் சென்றார், ஒருவர் மீண்டார். கல்வியும் சூழலும் மட்டுமே காரணமாயின் மூவரும் ஒருவழிப் பட்டிருத்தல் வேண்டும். எனவே வேறுபாடு அவரவர் உள்ளத்தெழுந்த வினாவிலும், அவ்வினாவுக்கு விடை எங்குக் கிடைத்தது என்பதிலும் உள்ளது என்க. நாவலருக்கு வினா எழுமுன்னரே ஆகமமும் சித்தாந்த சாத்திரமும் விடையாக நின்றன. கிருஷ்ண பிள்ளைக்கு அவை நிற்கவில்லை.

அவர் வினாவின் இயல்பை இனி ஆராய்தல் வேண்டும். பாதிரிமார் கற்பித்த கொள்கை பின்வருமாறு: மானிடர் இறைவன் கட்டளையை மீறிப் பாவிகளாயினர். இறைவன் நீதியுடையன், ஆதலின் பாவத்துக்குத் தண்டம் விதித்தே ஆகவேண்டும். அவன் இரக்கமுடையன், ஆதலின் பாவியைக் கைவிடவும் மாட்டான். நீதியும் இரக்கமும் தம்முள் முரணுமாறு போல நிற்க, இறைமைந்தன் மானிடனாய்ப் பிறந்து பாவிகட்கு ஈடாகத் தண்டத்தைத் தானேற்று இறந்தமையால் இரண்டும் நிறைவெய்தின. இதனை நம்பிச் சரண்புகுவோர் இரட்சிப்பு அடைவர்.

வைணவர் ஒருவருக்கு இக்கொள்கை முற்றும் புதிதன்று. சரணாகதிக்கு ஆறு அங்கம் கூறுவது வைணவ மரபு. இறைவன் உவப்பதைச் செய்யத் துணிதல், உவவாததை விடுதல், அவன் இரட்சிப்பான் என விசுவாசம் கொள்ளுதல், அவனையே காப்பாளனாக வரித்தல், தன்னை அவன்பால் ஒப்புவித்தல், தன் கையறு நிலையை உணர்தல் என்பன அவை. இரட்சிப்பும் விசுவாசமும் ஆகிய இருசொல்லும் இவ்வங்கங்களுள் ஒன்றிலேயே அடுத்தடுத்து நிற்றல் காண்க. தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கில் இவ்விரண்டினும் பெருவரவின ஆகிய சொற்கள் சிலவே. அன்றியும், இறைவன் மானிடனாய்ப் பிறத்தலை அவதாரம் என வைணவர் ஏற்பர். அதனால் கிறிஸ்துவின் பிறப்பு அவர்க்கு இடர்ப்பாடு விளைப்பதில்லை. சைவ சித்தாந்தமோ பதிப்பொருளுக்குக் கருவிற் பிறத்தலும் இறத்தலும் இல்லையெனத் துணிவது. இறைவன் அருளால் திருமேனி கொண்டு தோன்றுவதன்றிக் கருவாய்ப்பட்டுப் பிறப்பதில்லை என்பது அதன் கோட்பாடு. எனவே சைவர் ஒருவர் கடக்கவேண்டிய எல்லையினும் கிருஷ்ண பிள்ளை கடந்த எல்லை குறுகியது. பழைய வீட்டின் சொற்களைக் கையிற்கொண்டே அவர் புதிய வீட்டுட் புகுந்தார் என்பது பொருந்தும்.

இனி, அவ்வினாவுக்குச் சித்தாந்தம் கூறும் விடை யாதெனின், நீதியும் இரக்கமும் முரணுவன என்னும் அடிப்படையையே அது ஒப்புவதில்லை. இறைவன் செய்யும் தண்டமும் அருளேயாம். அதனை மறக்கருணை என்றும், இன்பந்தந்து ஆட்கொள்வதை அறக்கருணை என்றும் ஆன்றோர் வகுத்தனர். பெற்றோர் தம் சொற்கேளாத மகவைக் கோல்கொண்டு அடித்தல் அதன் நன்மையின் பொருட்டேயன்றி வெகுளியின் பொருட்டன்று. அதுபோல் இறைவன் வினைப்பயனை ஊட்டுதல் மலநோய் தீர்க்கும் மருந்து என்பர். தண்டமே மருந்தாயின், தண்டத்துக்கும் இரக்கத்துக்கும் இடையே ஈடுகட்டவேண்டிய பிளவு யாதும் இல்லை.

பாவத்தின் தோற்றத்திலும் இருசமயங்களும் வேறுபடும். இதனைத் தெளிய இரண்டு உவமைகளை அருகருகே வைத்து நோக்குதல் நன்று. விவிலியத்தில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் கெட்ட குமாரன் கதையொன்று உண்டு. இளையமகன் தன் பங்கைக் கேட்டுவாங்கிக்கொண்டு தந்தையை விட்டகன்று, யாவற்றையும் அழித்து, வறுமையுற்று மீள்கிறான். தந்தை எதிரோடித் தழுவிக்கொள்கிறார். சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரமோ அரசகுமாரன் வேடரிடை வளர்ந்து தன்னையறியாது நின்றமையை உவமை காட்டும். ஐம்பொறிகளாகிய வேடரிடை வளர்ந்த உயிர் தன் தலைவனை அறியாது அயர்ந்திருக்க, முதல்வனே குருவாய் வந்து உணர்த்த, அவ்வயலை விட்டு அவன் திருவடி சேரும் என்பது அதன் கருத்து.

இரு உவமையிலும் தந்தையின் அன்பு ஒன்றே. பிரிவுக்குரிய காரணமோ வேறு. அங்கே மகன் அறிந்தே பிரிந்தான். ஆதலின் அவன் குற்றவாளி. இங்கே மகன் அறியாமையிற் கிடந்தான். ஆதலின் அவன் நோயாளி. செம்பிற் களிம்பு போல உயிரை அநாதியே பற்றியது ஆணவமலம் என்பது சித்தாந்தம். குற்றவாளிக்கு வேண்டுவது மன்னிப்பு. நோயாளிக்கு வேண்டுவது மருத்துவம். மன்னிப்பு ஒரு கணத்தில் நிகழலாம். மருத்துவமோ மலபரிபாகம் வருந்துணையும், இருவினையொப்பு எய்துந்துணையும், சத்திநிபாதம் நிகழுந்துணையும் பிறவிதோறும் தொடரும். சஞ்சிதத்தைக் குருவானவர் தீக்கையால் எரிப்பர்; பிராரத்தம் உடலோடு நுகர்ந்து கழியும்; ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும். ஒருவர் வினையை மற்றொருவர் இறந்து தீர்த்தல் என்பதற்கு இம்முறையில் இடமில்லை.

எனினும், பிறர் துன்பத்தைத் தான் ஏற்கும் இறைவன் என்னும் கருத்து சைவர்க்கு அயலது என எண்ணற்க. தேவர் அஞ்சிய ஆலகாலத்தைத் தானுண்டு கண்டங் கறுத்த பெருமானை வழிபடுவோர், பிறர்பொருட்டுத் துன்பமேற்ற இறைவன் கதையைக் கேட்டு நெகிழ்தல் இயல்பே. வேறுபாடு என்னையெனின், நஞ்சுண்டவன் இறந்திலன். அவனுண்ட நஞ்சு உயிர்களின் வினைக்கு ஈடும் அன்று. அது அவன் பெருங்கருணைக்கும் முதன்மைக்கும் அடையாளம்.

இத்தெளிவெல்லாம் நூலில் உள்ளது, உண்மை. கிருஷ்ண பிள்ளை நாளில் அது யார் கையில் இருந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி. பொருநைக் கரையிற் பிறந்த சிவஞான சுவாமிகள் எழுதிய மாபாடியம் 1785க்குப் பின்னும் மடத்து ஏட்டிலே மறைபொருளாய்ப் போற்றப்பட்டது. முழுவதும் அச்சேறியது 1936ஆம் ஆண்டில். இடைப்பட்டது ஏறத்தாழ 150 ஆண்டு. தீக்கை பெற்றார்க்கன்றிச் சாத்திரம் உரையாத மரபு பக்குவம் நோக்கி எழுந்தது. அதனைப் பழித்தல் ஆகாது. ஆயின், அதே ஆண்டுகளில் பாதிரிமார் தம் மறையை ஊர்ப்பள்ளிச் சிறுவர்க்கும் எளிய தமிழில் அச்சிட்டு வழங்கினர். ஐயுற்ற ஒருவர் கைநீட்டிய இடத்தில் ஒருபக்கம் அச்சுப்புத்தகம் இருந்தது. மறுபக்கம் பூட்டிய ஏட்டுப்பெட்டி இருந்தது. மாபாடியம் கையில் இருந்திருப்பின் வைணவராகிய கிருஷ்ண பிள்ளை அதனைக் கற்றிருப்பார் என்றோ, கற்று மனம் மாறியிருப்பார் என்றோ துணிதற்கில்லை. அவரையொத்த ஐயமுடைய சைவர் பலர் இருந்திருப்பர் என்பதும், அவர்க்கு அது எட்டவில்லை என்பதும் மறுக்கவொண்ணாதன.

சைவர் விழித்தது பின்னர். தூத்துக்குடியில் சைவ சித்தாந்த சபை 1883இலும், பாளையங்கோட்டையில் சைவ சபை 1886இலும் தோன்றின. திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் எழுந்தது. இவை யாவும் கிருஷ்ண பிள்ளை சமயம் மாறி ஒரு தலைமுறை கழிந்த பின்னர் நிகழ்ந்தவை.

மற்றொன்றும் மறைக்கற்பாலதன்று. நூல் ஆராய்ந்து சமயம் மாறிய கிருஷ்ண பிள்ளை போன்றார் மிகச் சிலர். பொருநை நாட்டில் கிறிஸ்து சமயம் புக்க பல்லாயிரவர் பனையேறியும் வயலில் உழைத்தும் வாழ்ந்த எளியோர். அவர்க்குச் சித்தாந்தம் மறைக்கப்பட்டதோடு சிவன் கோயிற் கதவும் அடைக்கப்பட்டது. கமுதித் திருக்கோயிலுள் நாடார் 1897இற் புக்கதன்பேரில் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்க்கு எதிராக முடிந்தது. மதுரைத் திருக்கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்ததும், அதற்குக் காப்பளிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் எழுந்ததும் 1939இல். திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் ஒருவராக வணங்கும் கூட்டம், அவர் வழிவந்தோரை வாயிலில் நிறுத்தியது. நிறுத்தப்பட்டோர் திறந்த வாயிலை நோக்கிச் சென்றதற்கு அவரைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு? கைம்பெண்ணாய் ஒதுக்கப்பட்ட குளோரிந்தாவின் வரலாறும் இதனையே கூறும்.

திறந்த வாயிலின் உள்ளும் யாவும் சமமாயிருந்தது எனல் வரலாறு ஆகாது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், வேளாளர்க்கு ஒரு கூடமும் நாடார்க்கு ஒரு கூடமுமாக இரண்டாய்ப் பிளந்து கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இலேயே நீக்கப்பட்டது. சமயம் மாறியும் சாதி மாறவில்லை. ஆதலின் இது ஒரு சமயத்தின் குற்றமன்று, நாட்டின் குற்றம். ஆயினும் அக்குற்றத்தை நீக்கும் கடமை, எவ்வுயிரும் சிவனுக்கு உடைமையும் அடிமையும் எனக் கூறும் சித்தாந்திகளுக்கு முதற்கண் உரியது.

இனி நூலை நோக்குவோம். இரட்சணிய யாத்திரிகம் ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவியது. பனியன் தகரவேலை செய்த எளிய குடியினர். அரசின் இசைவின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னீராண்டு சிறையிருந்தவர். நாசபுரியினின்று புறப்பட்ட ஆன்மயாத்திரிகன் ஒருவன் இடர்பல கடந்து முத்திநகர் அடைதலே கதை. கிருஷ்ண பிள்ளை அதனை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐம்பெரும் பகுதியாக வகுத்து, மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களாற் காப்பியமாக்கினார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் என்னும் இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. நாட்டு வருணனையும் நகர வருணனையும், ஓசையும் உவமையும் கம்பர்வழிப் பட்டன. அதனால் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்பர்.

சைவர் உற்றுநோக்கத்தக்கது பிறிதொன்று உண்டு. காப்பியத்தினிடையே அவர் இசைப்பாடல்கள் அமைத்து அவற்றுக்குத் தேவாரம் எனப் பெயரிட்டார். மற்றொரு நூலுக்குப் போற்றித் திருஅகவல் என்று பெயர். திருவாசகத்தை அறிந்தார்க்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது எனக் கூறவேண்டுவதில்லை. சமயத்தை விட்டபோதும் மொழியை அவரால் விடமுடியவில்லை. நெஞ்சுருகி இறைவனை அழைக்கும் வேளையில் மூவர் முதலிகளும் மணிவாசகரும் வகுத்த வழியன்றித் தமிழில் வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. சைவத் திருமுறைகளின் ஆற்றலுக்கு, புறச்சமயம் புக்க ஒருவர் தம்மையறியாது அளித்த சான்று இது.

கிருஷ்ண பிள்ளை 1900ஆம் ஆண்டில் மறைந்தார். அதே ஆண்டில், சாயர்புரக் கல்விச்சாலையை நிறுவிய போப்பையர் தம் முதுமையில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். தமிழரைக் கிறிஸ்தவராக்க வந்தவர் திருவாசகத்தில் உருகி நின்றார். கம்பனில் வளர்ந்தவர் பனியனிற் சென்று கலந்தார். இருவரையும் இணைத்தது ஒரே சாயர்புரம். அருள் எவ்வெவ்வழியாற் பாயும் என்பதை அளந்தறிதல் மானிடர்க்கு அரிது.

சமயங்களை ஒன்றன்மேலொன்றாய்ப் படிவகுத்து, எச்சமயத்து நின்றாலும் உயிர் தன் பக்குவத்துக்கேற்பத் திருவருளால் மேலேறும் எனக் கூறுவது சைவ சித்தாந்தம். இக்கொள்கையை உள்ளவாறு நம்புவோர், பிறசமயம் புக்காரை இழந்த பொருளாக எண்ணி அழுதலும் பகைவராக எண்ணிச் சினத்தலும் ஆகா. யாதொரு தெய்வம் கொள்ளினும் அத்தெய்வமாய் நின்று அருள்புரிவோன் சிவபெருமானே என்பது சித்தாந்தத் துணிபாகலின், கிருஷ்ண பிள்ளையின் கண்ணீரும் அவன் திருவடியையே சென்று சேர்ந்தது எனச் சைவர் கொள்வது முறை.

ஆயினும் அத்துணிபு சோம்பலுக்குப் போர்வையாதல் கூடாது. படிகள் உள என்பது உண்மையாயின், மேற்படியில் நிற்பதாகக் கருதுவோர் கீழ்ப்படியில் நிற்பார்க்குக் கைகொடுத்தல் வேண்டும். ஐயுற்றுக் கேட்பார்க்கு அவரவர் அறிந்த தமிழில் விடைகூறுதல் வேண்டும். ஏட்டுப்பெட்டி திறந்து, நூல்கள் இன்று அச்சிற் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துரைப்பார் தொகை குறையின், பூட்டு மாறியதேயன்றி நீங்கியதாகாது. கோயிற் கதவு சட்டத்தால் திறந்தது. உள்ளே வருவாரை அடியார் என வரவேற்கும் உள்ளக்கதவைச் சட்டம் திறக்கமாட்டாது. 1858இல் ஒரு புலவர் சென்ற வழியை ஆராய்வதன் பயன் இவ்விரு கதவுகளையும் நினைந்து அவற்றைத் திறந்துவைத்தலே.

திருச்சிற்றம்பலம்.